அடுப்படி வரை வந்த கோல் கோடு

பந்து நிற்காமல் உருண்ட வருசம் என்று சொன்னால் வாடைத்துறையில் யாரும் எந்த வருசம் என்று திருப்பிக் கேட்பதில்லை, அந்த வருசம் பிறந்த பிள்ளைகளுக்கும் அந்த வருசம் கடலில் இறக்கிய வள்ளங்களுக்கும் இன்றுவரை வயது சொல்வது அந்தப் பந்தை வைத்துத்தான், அப்படி ஒரு பந்து உலகத்தில் வேறு எங்கேயும் உருண்டிருக்கிறதா என்று அந்த ஊர்க்காரர்கள் விசாரித்ததுமில்லை, தங்கள் ஊரில் உருண்டது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் கோப்பை ஆட்டத்தின் கடைசி நாள் அது. எதிரே நெடுமணல்காரர்கள், இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஒரு கோல், வெயில் தாழ்ந்து கடலுக்குள் இறங்கப் பார்க்கிற நேரம், ஆட்டம் முடிய ஒரு மூச்சுதான் பாக்கி. அப்போது பந்து கிளீட்டஸின் காலில் இருந்தது, கோல் கோட்டுக்கு ஒரு சாண் தூரம், நெடுமணல் கோலி அவன் காலடியில் குப்புறக் கிடந்தான், அவனுக்கு மேலே கொஞ்சம் தூக்கி விட்டால் போதும், உள்ளே. அந்தப் பக்கத்துத் தூணுக்கு அருகில் கிளீட்டஸின் மச்சான் ததேயுஸ் தன்னந்தனியாக நின்றான், அவனுக்கு முன்னால் ஒரு ஈ கூட இல்லை, அவனுக்குக் கொடுத்தாலும் உள்ளே. கோட்டுக்கு வெளியே நின்ற பெர்க்மான்ஸ் மாமாதான் இருவருக்கும் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர், இருவரும் போகிற வள்ளத்துக்குச் சுக்கான் பிடிப்பவரும் அவரே. அவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"மச்சானுக்குக் குடுலே."

கிளீட்டஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடலிலும் அவர் குரல் கேட்டால் அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை, கை தானாகச் செய்யும், அன்றைக்குக் கால் தானாகச் செய்தது. பந்து கோல் கோட்டின் மேலேயே உருண்டது, ததேயுஸின் பெருவிரலுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது, ததேயுஸ் நின்ற இடத்தில் நின்றான், பந்து தூணின் முன்பக்கத்தை உரசி ஒதுங்கி மறுபடியும் கோட்டில் ஏறியது, மூலைக் கொடி வரை போனது, அங்கே கோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. பந்துக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு தானே நீண்டது, கோலம் போடுகிற ஒரு கை குனிந்துகொண்டே முன்னால் போவது போல, பந்து அதன் மேல் நடக்கப் பழகிய பிள்ளையின் வேகத்தில் பின்னாலேயே போனது, கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

நடுவராக நின்றவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் பாக்கியநாதன். விசிலை வாயில் கவ்விக்கொண்டே பின்னால் போனார்.

"சார், ஊதித் தொலைங்க" என்றார்கள் நெடுமணல்காரர்கள்.

"எதுக்கு ஊதணும்? கோட்டு மேல கெடக்க பந்து உள்ள கெடக்க பந்துதான். அது வெளிய போகட்டும், ஊதுதேன்."

பந்து வெளியே போகவில்லை. தென்னந்தோப்பைத் தாண்டி, கோயில் சுவரோரம் திரும்பி, மீன் ஏலம் போடுகிற கொட்டகை வழியாக, வலை பின்னுகிற ஓலைச் சாய்ப்பு வழியாக, தேநீர்க் கடையின் இரண்டு பெஞ்சுக்கும் நடுவே புகுந்து, வீடுகளுக்குள் ஏறி இறங்கி, மறுபடியும் மைதானத்துக்குள் வந்து, கோலின் இந்தத் தூணையும் அந்தத் தூணையும் உரசி, மறுபடியும் கிளம்பியது. இரண்டு சுற்று வரை ஊர் வாயைப் பிளந்தபடி கூடவே நடந்தது, மூன்றாவது சுற்றில் ஆண்கள் வள்ளத்துக்கும் பெண்கள் சந்தைக்கும் போய்விட்டார்கள், மீன் கெட்டுப்போகும் அல்லவா. நெடுமணல்காரர்கள் காவலுக்கு விட்டுப்போன இரண்டு பேர் கொஞ்ச நாள் பந்தின் இரு பக்கமும் நடந்தார்கள், பிறகு அவர்களுக்கும் சலித்துவிட்டது. யாரும் தொடவில்லை. நெடுமணல்காரர்களுக்குத் தொட்டால் தங்கள் கோலுக்குள்ளேயே போய்விடுமோ என்று பயம், வாடைத்துறைக்காரன் தொட்டால் எந்தப் பக்கம் உதைக்க வேண்டும் என்று பெர்க்மான்ஸ் மாமா சொல்ல வேண்டும், அவரோ அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எதையும் முடிவாகச் சொல்வதை விட்டுவிட்டார், சாப்பாட்டுக்கு மோரா ரசமா என்று கேட்டால் கூட, பார்ப்போம் என்றுதான் சொன்னார்.

சுவர் இருக்கிற இடத்தில் பந்து சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும், பாவமாக இருக்கும், அதனால் ஊர்க்கொத்தன் அந்தந்தச் சுவரின் அடியில் பந்து அளவுக்கு ஓட்டை போட்டுக் கொடுத்தான், பூனைகளுக்கு அது பெரிய சவுகரியமாகிவிட்டது. கருவாடு காயப்போடுகிறவர்கள் கோட்டுக்கு இரு பக்கமும் இடம் விட்டுப் போட்டார்கள். கல்யாண ஊர்வலம் வந்தால் பந்து கடக்கும் வரை பேண்டு வாத்தியக்காரர்கள் மெதுவான பாட்டாக வாசித்து நின்றார்கள். பூசையின்போது பந்து கோயில் வாசலைக் கடந்தால் பங்குச்சாமி பிரசங்கத்தை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். கள் குடித்துவிட்டு வருகிறவர்கள் வழி தெரியாமல் போவது நின்றது, கோட்டைப் பிடித்து நடந்தால் எப்படியும் வீடு வந்துவிடும், சில நேரம் அடுத்தவன் வீடு வந்தது. வாத்தியார் மட்டும் நடுவரின் கறுப்புச் சட்டையைக் கழற்றவே இல்லை, ஆட்டம் முடியாமல் நடுவர் சட்டையைக் கழற்றக் கூடாது என்றார், மனைவி அதைத் துவைத்துக் காயப்போடுகிற நேரம் மட்டும் துண்டோடு உட்கார்ந்திருந்தார், மறுபடி போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்.

பந்தை ஊர் தாங்கிக்கொண்டது. தாங்க முடியாதது பேச்சுத்தான்.

அடித்திருக்க வேண்டும் என்று பாதி ஊர். கொடுத்தது சரி, வாங்கத் தெரியவில்லை என்று பாதி ஊர். கோட்டுக்கு இந்தப் பக்கத்து பெஞ்சில் அடிகட்சி, அந்தப் பக்கத்து பெஞ்சில் குடுகட்சி. உளுந்து வடை கோலி, இரண்டு தேநீர் கிளாஸ் இரண்டு தூண், எலுமிச்சங்காய் பந்து, கிளீட்டஸுக்கு ஒரு தீப்பெட்டி, ததேயுஸுக்கு ஒரு பீடிக்கட்டு.

"இந்தா பாரு, கோலி இப்பிடிக் கெடக்கான். மேல தூக்கி விட்டா என்ன?"

"லே, நீ கோலிய எங்க வச்ச? அவன் கை இம்மட்டுக்கு நீண்டு கெடந்துது."

"வடைக்கு ஏதுலே கை?"

பேச்சு சூடேறினால் யாராவது பசியில் கோலியை எடுத்துத் தின்றுவிடுவான், புது வடை வாங்கி வைத்து மறுபடியும் தொடங்குவார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் கூட, மாப்பிள்ளை அடிகட்சியா குடுகட்சியா என்று விசாரித்தார்கள்.

இதில் யார் பக்கமும் சேர முடியாமல் இருந்தவள் மார்செலின் ஒருத்திதான். கிளீட்டஸ் அவளுடைய வீட்டுக்காரன். ததேயுஸ் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், ஒரே வள்ளத்தில் பக்கத்தில் நின்று வலை இழுக்கிற கிளீட்டஸை நல்ல பையன் என்று வீட்டுக்குக் கூட்டி வந்து மாப்பிள்ளை ஆக்கியதே அவன்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவள், கடைக்குப் போனால் மற்றவர்கள் வாங்கி முடிக்கும் வரை தூணோரம் நின்று கடைசியில் உப்பு என்று சொல்லுகிறவள். கையில் தவழ்கிற பருவத்துப் பெண் பிள்ளை, ஆன்சி. அவளுடைய அடுப்படிக்குள்தான் கோடு ஏறி வந்தது, கொல்லைப்புறக் கதவு வழியாக நுழைந்து, அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே போய், எதிர்ச் சுவரின் ஓட்டை வழியாக அண்ணன் வீட்டு முற்றத்தில் இறங்கியது. அவள் ஈரத்துணி கொண்டு துடைத்துப் பார்த்தாள், துடைத்த ஈரம் காய்வதற்குள் கோடு இன்னும் வெள்ளையாக வந்தது, பிறகு விட்டுவிட்டாள். பந்து வருகிற நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள், போனதும் இறக்கிவிடுவாள்.

ஆட்டத்துக்கு மறுநாள் காலையிலேயே ஆண்கள் இருவரும் வள்ளத்தருகே பேசித் தீர்த்துவிட்டார்கள்.

"மாமா குடுன்னாரு, குடுத்தேன்" என்றான் கிளீட்டஸ். "நீங்க மரம் மாதிரி நின்னா நான் என்ன செய்ய?"

"எனக்கா குடுத்த? காத்துக்கில்லா குடுத்த."

"ஒரு எட்டு வச்சா காலுல பட்டிருக்கும்."

"ஒரு எட்டு உள்ள தள்ளிக் குடுத்திருந்தா நான் எட்டே வைக்காண்டாம்."

பெர்க்மான்ஸ் மாமா நடுவில் வந்து, "நான் குடுன்னுதான் சொன்னேன் மக்கா, எப்பிடிக் குடுன்னு சொல்லல்ல" என்றார், இருவரும் அவரை முறைத்தார்கள். அத்தோடு சரி. பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை, ஒருவன் ஏறினால் மற்றவன் ஏறமாட்டேன் என்றான், வள்ளம் மணலிலேயே கவிழ்ந்து கிடந்தது, அதன் நிழலில் ஆடு குட்டி போட்டது. போகிற வழியில் நிற்கிறவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. "தங்கச்சியக் குடுக்கத் தெரிஞ்சுது, பந்த வாங்கத் தெரியல்லியே ததேயுசு" என்பான் ஒருவன். "கிளீட்டஸ் வீட்டுல சோறு கேட்டா பக்கத்து வீட்டுக்குத்தான் போவுமாம்" என்பான் இன்னொருவன். கேட்டுவிட்டு வந்து கிளீட்டஸ் அடுப்படிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அண்ணன் தன் முற்றத்தில் நின்று கோட்டைப் பார்ப்பான், தாண்டி வரமாட்டான். முன்பெல்லாம் விடிந்தால் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவன், இப்போது பிள்ளை ஓட்டை வழியாகத் தலையை நீட்டி மாமனைப் பார்த்துச் சிரித்தால் அந்தத் தலையை ஒரு விரலால் தடவிவிட்டு உள்ளே போய்விடுவான்.

மூன்றாவதாக ஒரு பேச்சும் ஊரில் கிளம்பியது. அதைச் சொன்னது வலைச் சாய்ப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். கடலில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கயிறு எறிகிறவன், எதிரே நிற்கிற ஆளைக் குறிவைத்து எறியமாட்டான், அடுத்த அலை அந்த ஆளை எங்கே கொண்டுவந்து நிறுத்துமோ அந்த இடத்துக்கு எறிவான். வாங்குகிறவனும் கயிற்றைப் பிடிக்கத் தாவமாட்டான், தாவினால் கடலுக்குள் போவான், காலை ஊன்றி நிற்பான், அலை அவனைக் கயிற்றிடம் சேர்க்கும். பிறந்தது முதல் இருவரும் செய்தது அதுதான், அன்றைக்கும் அதையே செய்தார்கள், அவன் அலைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தான், இவன் அலைக்குக் காத்து நின்றான், மைதானம் அசையவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பேச்சு சரிதான் என்று கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு அவரவர் பெஞ்சுக்கே போய் உட்கார்ந்து எலுமிச்சங்காயை எடுத்துக்கொண்டார்கள்.

மீன் விற்கப் போகிற கனிஷ்டா அக்காதான் மார்செலினிடம் வந்து அதைச் சொன்னாள். அக்காவின் படுக்கையறைக்குள்ளும் கோடு போகிறது, புருசன் ஒரு பக்கம் அவள் ஒரு பக்கம் படுக்கிறார்கள், அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

"ரெண்டு பேருமே தப்பு செய்யல்லட்டி" என்றாள் கூடையை இறக்கி வைத்து. "ஆனா அத வச்சு இந்த ஊரு என்ன செய்யும் சொல்லு. யாரு மேலயும் தப்பில்லன்னா நாளைக்கு எதப் பேச? ஒருத்தன் தலையில போட்டாத்தான் இதுங்களுக்குச் சோறு செமிக்கும். ஒங்க அண்ணன் தலையிலயோ ஒன் வீட்டுக்காரன் தலையிலயோ, அது விழுந்தாத்தான் விடுவானுவ."

மார்செலின் மீனின் செதிலை உரசிக்கொண்டே இருந்தாள், செதில் முழுக்கப் போன பிறகும் உரசினாள்.

"அதவிடு. ததேயுசு கொச்சிக்குப் போறானாமே, கேட்டியா?"

கத்தி நின்றது.

"ஆழ்கடல் போட்டுல ஆள் கேட்டிருக்கானுவ. திங்கக்கிழம போறானாம். போனவன் எவன் திரும்பி வந்து ஊருல இருந்திருக்கான்? அங்கயே ஒரு வீடு, அங்கயே ஒரு பொண்ணு. ஒனக்குச் சொல்லல்லியா?"

சொல்லவில்லை. அன்று முழுவதும் மார்செலின் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் துணி அலசும்போதும் பேசிக்கொண்டே இருந்தாள், பிள்ளையிடம், குடத்திடம், அடுப்பிடம், அவள் பேசுவது அவர்களிடம்தான். போகாதே அண்ணே என்று சொல்லிப் பார்த்தாள். நீங்கள் போய்க் கூப்பிடுங்கள் என்று வீட்டுக்காரனிடம் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தாள். அடுப்படியில் சொல்லும்போது நன்றாகத்தான் வந்தது. வீட்டுக்காரனுக்குச் சோறு வைக்கும்போது, "அண்ணன் திங்கக்கிழம…" என்று தொடங்கினாள்.

"தெரியும்" என்றான் கிளீட்டஸ். "நான் குடுத்தது தப்புன்னு என் வாயால சொன்னாத்தான் ஒங்க அண்ணன் போவாம இருப்பாவளாம். சொல்லவா? சொன்னா அப்பறம் நான் இந்த ஊருல மீன் புடிக்க முடியுமா?"

அவள் குழம்பை ஊற்றினாள்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் பையோடு வந்தான். அடுப்படியின் கொல்லைப்புறக் கதவுக்கு வெளியே, கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றான். புதுச் சட்டை. அடுப்பில் கஞ்சி கொதித்தது, மார்செலின் பலகையில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், கிளீட்டஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், தூங்கவில்லை என்று அவன் முதுகிலேயே தெரிந்தது.

"வாறேன் மாசி" என்றான் அண்ணன், மார்செலினை அவன் கூப்பிடுவது அப்படித்தான்.

"கஞ்சி குடிச்சிட்டுப் போயேன் அண்ணே."

"வேண்டாம். பஸ்ஸு வந்துரும்."

"உள்ள வா."

அவன் கோட்டைப் பார்த்தான். அப்போது கொல்லைப்புறத்திலிருந்து பந்து வந்தது, அவன் செருப்பருகே கடந்து, வாசல்படியில் ஏறி, வழக்கமான வேகத்தில் அடுப்படிக்குள் நுழைந்தது. அண்ணன் பையைத் தோளில் ஏற்றினான். கிளீட்டஸின் முதுகு அசையவில்லை. பந்து போனதும் அண்ணன் போவான், அது அடுத்த சுற்று வரும்போது அந்த வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். அவள் இருவரையும் ஒரு தடவை பார்த்தாள். கனிஷ்டா அக்கா சொன்ன அந்த ஒருத்தன் இந்த இரண்டு பேரில் ஒருவனாகத்தான் இருக்க வேண்டுமா என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள், பால் குடிக்கிற பிள்ளை அசையாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே வலது காலை நீட்டி, உருண்டு போகிற தேங்காயை நிறுத்துவது போல உள்ளங்காலால் பந்தை நிறுத்தினாள்.

பந்து வெதுவெதுவென்று இருந்தது. கொஞ்ச நேரம் காலுக்கடியில் நடுங்கியது, பிறகு நின்றது.

பந்து உருள்கிற சத்தம் என்று ஒன்று ஊரில் இருந்தது அது நின்ற பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஏலக் கொட்டகையில் கூவிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். தேநீர்க் கடையில் கிளாஸைக் கீழே வைத்தார்கள். முதலில் கனிஷ்டா அக்கா ஓடிவந்தாள், பின்னாலேயே இரண்டு பெஞ்சும் வந்தது, வலைச் சாய்ப்பு வந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து கறுப்புச் சட்டையோடு வாத்தியார் வந்தார், அடுப்படி கொள்ளாமல் கொல்லையிலும் முற்றத்திலும் சுவர் மேலும் ஆட்கள்.

"எட்டி, என்ன செஞ்ச?"

"நான்தான் தொட்டேன்" என்றாள் மார்செலின்.

அவள் குரலை அன்றுதான் பலர் முதல் முறையாகக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அடிகட்சியும் குடுகட்சியும் ஒரே வாயாக ஆனது. இன்னும் ஒரு சுற்று போயிருந்தால் தானாகவே கோலுக்குள் போயிருக்கும் என்றார்கள். வேகம் குறைந்துகொண்டு வந்தது, உள்பக்கம் சாய்ந்துகொண்டு வந்தது, நேற்றே பார்த்தேன் என்றான் ஒருவன். கோப்பை கைக்கு வந்ததைக் காலால் தள்ளிவிட்டாள் என்றான் இன்னொருவன். பெர்க்மான்ஸ் மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "இண்ணைக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன், சாயங்காலம் மைதானத்துல வச்சு அடிங்கலேன்னு சொல்லணும்ன்னு இருந்தேன், கெடுத்திட்டாளே" என்றார். "பொம்பளைக்கு ஆட்டத்துல என்ன வேலை?" என்று சுவர் மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் பந்தின் மேலிருந்து காலை எடுக்காமல், பிள்ளையின் தலையைச் சேலையால் மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது சிவந்துவிட்டது. அழவில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் எழுந்து நின்றான்.

"அவள ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றான் கிளீட்டஸ். "இது அவ அடுப்படி. அவ காலு எங்க இருக்கணும்ன்னு நீங்க சொல்லுவியளோ?"

"லே, அவ நீட்டினாளே."

"நீட்டுவா" என்று வாசலிலிருந்து ததேயுஸ் உள்ளே வந்தான். கோட்டை மிதித்துக்கொண்டுதான் வந்தான், அதை அவன் கவனிக்கவில்லை, பையைத் தண்ணீர்க் குடத்தின் மேல் வைத்தான், அதையும் கவனிக்கவில்லை. "பிள்ளைக்குப் பால் குடுக்கவ காலு நீட்டாம இருப்பாளா? இவ பந்துகிட்ட போனாளா, பந்து இவகிட்ட வந்துச்சா? நீ சொல்லு மாப்ள, நீ இஞ்சதான கெடந்த."

"பந்துதான் வந்துச்சு மச்சான்."

"அப்பறம் என்ன?"

"அப்பறம் என்னங்கேன்" என்றான் கிளீட்டஸ் கூட்டத்தைப் பார்த்து.

இருவரும் அவளுக்கு முன்னால் தோளோடு தோள் நின்றார்கள், அடுப்படி சின்னது, வேறு மாதிரி நிற்கவும் இடமில்லை. ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் தொடங்கினான், ஒருவன் இருமினால் மற்றவன் பேசினான், ஊர் மொத்தமும் ஒரு பக்கம், அவர்கள் இருவரும் ஒரு பக்கம். பின்னால் உட்கார்ந்திருந்த மார்செலினுக்கு இரண்டு முதுகு மட்டும் தெரிந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அவள் காதில் விழுந்தது, அண்ணன் காதில் விழவில்லை.

வாத்தியார் குனிந்து பந்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார்.

"வெளியாள் தொட்டா ஆட்டம் நிக்கும்" என்றார். "நின்ன எடத்துல பந்தப் போட்டு மறுபடி தொடங்கணும், சட்டம் அதுதான்." கொதிக்கிற கஞ்சியைப் பார்த்தார், தூங்கிப்போன பிள்ளையைப் பார்த்தார். இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "நேரமும் முடிஞ்சிட்டு" என்று சொல்லி, இத்தனை நாள் வாயில் கிடந்த மூச்சையெல்லாம் சேர்த்து நீளமாக ஊதினார். ஊதி முடித்ததும் அங்கேயே கறுப்புச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

கோப்பை பாதி வருசம் இங்கே பாதி வருசம் நெடுமணலில் என்று ஆனது. நெடுமணல்காரர்களும் பெரிதாகச் சண்டைக்கு வரவில்லை, எங்கள் ஊர்ப் பெண் யாரும் இப்படிச் செய்யமாட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் காலையில் வள்ளத்தை நிமிர்த்தினார்கள், ஆட்டையும் குட்டியையும் ஒதுக்கிக் கட்டினார்கள், பெர்க்மான்ஸ் மாமா சுக்கானில் உட்கார்ந்து, தெற்கே போவோம் என்று தயங்காமல் சொன்னார்.

இப்போது வாடைத்துறையில் யாரும் கிளீட்டஸ் அடித்திருக்க வேண்டுமா கொடுத்திருக்க வேண்டுமா என்று பேசுவதில்லை. தேநீர்க் கடையில் எலுமிச்சங்காய் இருக்கிறது, வடை இருக்கிறது, தீப்பெட்டி இருந்த இடத்தில் ஒரு கரண்டியை வைக்கிறார்கள், அதுதான் மார்செலின். அந்தக் காலை மட்டும் நீட்டாமல் இருந்திருந்தால் என்று ஒருவன் தொடங்குவான். கரையேறி வந்து வலையை உதறிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டால் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்காருவார்கள், ஒரே பெஞ்சில், நீ சொல்லு மாப்ள, நீங்க சொல்லுங்க மச்சான் என்று பொழுது சாயும் வரை பேசுவார்கள். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியே போகிற மார்செலின் தன் பேர் அடிபடுவது கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பாள், இன்னும் அவளுக்கு வெட்கம் போகவில்லை. வீட்டுக்கு வந்து உலையில் இன்னும் ரெண்டு கை அரிசி போடுவாள், அவளுக்காக ஊரோடு சண்டை பிடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசி அதிகமாக இருக்கும்.